பயற்றுக் காணியில் ஒரு கடலோடி

அவித்த பயற்றை ஒரு பிடி அள்ளி வாயில் போட்டதும் றஊப் கண்களை மூடிக்கொள்கிறார். ருசியில் கிறங்கி மூடுகிற கண் அல்ல அது. கசாயம் குடிக்கிற பிள்ளையின் கண். தேங்காய்ப்பூ தூவி, உப்பை அளவாகப் போட்டு, தொட்டுக்கொள்ளக் கட்டைச் சம்பலும் வைத்திருக்கிறார் மனைவி பஸ்மியா. குறை சொல்ல ஒன்றுமில்லை. மென்று விழுங்கிக் கண்ணைத் திறந்து, "நல்ல சாமான்தான்" என்கிறார். சற்றுக் கழித்து, "நல்ல சாமானெல்லாம் இப்பிடித்தான்" என்று சேர்த்துக்கொள்கிறார்.

ஒருவருக்கு நல்லது ஒன்றாகவும் வேண்டியது வேறொன்றாகவும் இருந்துவிட்டால், அவர் எதைக்கொண்டு உயிர் வாழ்கிறார்? றஊப்பைச் சில நாள் பார்த்துக்கொண்டிருந்தால் இந்தக் கேள்வி தானாக வந்து நிற்கும். நல்லது எது என்பதைப் பற்றி மனிதர்கள் காலம் காலமாக யோசித்திருக்கிறார்கள், நிறைய எழுதியும் வைத்திருக்கிறார்கள். வேண்டியது கிடைக்காத ஒருவர் காலையில் எழும்பி என்ன செய்கிறார் என்று எழுதியவர்கள் குறைவு. றஊப் எழும்பி, தொழுது, பயறு தின்று, பயற்றுக் காணிக்குப் போகிறார்.

இறக்கக்கண்டி மீன்பிடிக்கிற ஊர். விடியுமுன் ஆண்கள் கிழக்கே, கடலைப் பார்த்துப் போவார்கள். றஊப் மட்டும் மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு மேற்கே போகிறார். வழியில் தேத்தண்ணிக் கடை. அங்கே இருப்பவர்களில் யாராவது ஒருவர், "காக்கா, இண்டைக்குப் பயறுக் காணியில எத்தின கிலோ பாரை?" என்று கேட்காமல் விடமாட்டார். அண்ணனை அங்கே காக்கா என்பார்கள். றஊப் நடையை நிறுத்துவதில்லை. "பாரை எங்க, எல்லாம் பொடி மீன்தான்" என்று சொல்லிக்கொண்டே போய்விடுவார். கேலி செய்தவர் சிரித்து முடிப்பதற்குள் அவர் கடையைத் தாண்டியிருப்பார். கோபப்பட்டதாக யாரும் கண்டதில்லை.

மீசை அரும்பிய காலத்திலிருந்து கடலில் கிடந்த மனிதர் அவர். சொந்தப் படகு. கூட்டாளி, சாம்பல்தீவைச் சேர்ந்த சின்னராசா. இரண்டு பேருக்கும் இடையில் கதை அதிகம் இருக்காது. ஒருவர் கை எங்கே போகும் என்று மற்றவருக்குத் தெரியும். றஊப்புக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, இருப்பது கரையில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். டொக்டர் கொடுத்த குளிசையைப் போடுவார், சோற்றை மட்டும் குறைக்கமாட்டார். ஒருநாள் அவசரத்தில் குளிசையை மட்டும் போட்டுவிட்டு வெறுவயிற்றோடு புறப்பட்டார். வெளிக்கடலில் வலை இழுத்துக்கொண்டிருந்தபோது உடம்பெல்லாம் வேர்த்தது. கை நடுங்கியது. பிறகு கடலும் இல்லை, வானமும் இல்லை. படகின் விளிம்பைத் தாண்டிச் சரிந்தவரைச் சின்னராசா சட்டையில் பிடித்து இழுத்துப் போட்டார். சட்டை முதுகோடு கிழிந்தது. "சட்டை போகட்டும், காக்கா மிஞ்சினார்" என்று சின்னராசா இப்போதும் சொல்லிச் சிரிப்பார். அந்தச் சிரிப்பில் றஊப் கலந்துகொள்வதில்லை.

கிளினிக்கில் டொக்டர் அம்மா கடலுக்குப் போகவேண்டாம் என்றார். அதை றஊப் எப்படியாவது சமாளித்திருப்பார். பஸ்மியாவைச் சமாளிக்க ஏலவில்லை. கணவர் கடலில் இருக்கிற நேரமெல்லாம் அடுப்பில் உலை வைக்காத மனுசி அவர். படகு வந்துவிட்டது என்று கேள்விப்பட்ட பிறகுதான் அரிசி கழுவுவார். கரைக்கு வந்து பார்த்துக்கொண்டு நிற்கிற பழக்கமும் அவருக்கு இல்லை. அன்றைக்கு அவர் அழவில்லை, சத்தம் போடவில்லை. ஒன்றே ஒன்று சொன்னார்:

"உங்களுக்கும் கடலுக்கும் நிக்காஹ் நடக்கல்ல. எனக்கும் உங்களுக்கும்தான் நடந்திரிக்கி. அத யோசிச்சுக்கொள்ளுங்க."

படகு மகளின் கணவர் அப்ராஸின் கைக்குப் போனது. சின்னராசா அப்ராஸோடு சேர்ந்துகொண்டார். றஊப்புக்கு மிஞ்சியது பஸ்மியாவுக்குச் சீதனமாக வந்த ஒரு துண்டுக் காணி. அதற்கும் கடலுக்கும் நடுவில் மணல் மேடும் மரமுந்திரிகை மரங்களும் இருக்கின்றன. அங்கே நின்றால் கடல் கேட்கும். தெரியாது.

என்ன விதைப்பது என்று அதிகம் யோசிக்கவில்லை. கிளினிக்கின் தாதி மிஸ் சோற்றைக் குறைத்துப் பயறு, கௌபி, கடலை சாப்பிடச் சொல்லியிருந்தார். அவற்றில் நார் உண்டு, செரிக்க நேரம் எடுக்கும், சீனி ஒரேயடியாக ஏறி இறங்காது, பசியும் பிந்தி வரும் என்று விளக்கியிருந்தார். தின்னத்தான் வேண்டுமென்றால் நாமே போட்டுத் தின்போம் என்று றஊப் தீர்மானித்தார். மாரி மழை ஓய்ந்து மண்ணில் ஈரம் இருக்கும்போதே பயறு விதைத்தார். மயிலும் மாடும் வராமலிருக்கத் தன் பழைய வலைகளையே காணியைச் சுற்றிக் கட்டினார். காற்றடிக்கும்போது வேலி முழுவதும் மெல்ல உப்பிச் சுருங்கும்.

அந்த முதல் போகத்தில் அவர் செய்த பிழையைக் கடல்காரர் ஒருவர்தான் செய்யமுடியும். தண்ணீருக்கு நடுவில் வாழ்ந்தவருக்குக் காய்ந்த மண்ணில் ஒரு செடி நிற்பதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. இலை கொஞ்சம் வாடினால் கிணற்று மோட்டரைப் போட்டார். வாடாவிட்டாலும் போட்டார். பயறு இடுப்பளவுக்கு எழும்பிக் கரும்பச்சையாகத் தழைத்தது. வீதியால் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்திப் பார்த்தார்கள். தேத்தண்ணிக் கடையில் கேலிகூட நின்றுபோனது. றஊப் சில வாரங்கள் நிமிர்ந்து நடந்தார். பூவைத்தான் காணவில்லை. அங்கொன்று இங்கொன்றாகப் பூத்ததும் உதிர்ந்தது. கடைசியில் எல்லாவற்றையும் அறுத்து மாடுகளுக்குப் போட வேண்டியதாயிற்று.

விவசாயப் போதனாசிரியை நிவேதிகா தன் ஸ்கூட்டியில் வந்து பார்த்தார். ஒரு செடியை வேரோடு பிடுங்கி, மண்ணை உதறி, வேரில் மணி மணியாக ஒட்டியிருந்த முடிச்சுகளைக் காட்டினார். காற்றிலிருக்கும் நைதரசனை அந்த முடிச்சுகளில் உள்ள நுண்ணுயிர்கள் பிடித்து வேருக்குக் கொடுக்கும், பயிர் எடுத்த பிறகு மிச்சம் மண்ணுக்குச் சேரும், அடுத்த போகம் வெங்காயம் போட்டால் உரம் குறைவாகப் போதும் என்றெல்லாம் சொன்னார். றஊப் முடிச்சுகளை விரலால் தடவிப் பார்த்தார். "இவ்வளவும் இரிந்தும் ஏன் காய்க்கல்ல?" என்று கேட்டார்.

"நீங்கள் தண்ணியை மிஞ்சிக் குடுத்திட்டீங்கள், ஐயா. ஒரு குறையும் இல்லாமல் கிடைச்சால் இது இலையாய்த்தான் வளரும். கொஞ்சம் தாகத்தோட விட்டால்தான் பூக்கும்."

"தாகத்தோட விடோணுமா?"

"ஓம். பூக்கிற நேரமும் காய் முத்திற நேரமும் மறக்காமல் குடுங்கோ. மிச்ச நாளில பேசாமல் விடுங்கோ."

நிவேதிகா போன பிறகு றஊப் மோட்டருக்குப் பக்கத்தில் வெகுநேரம் குந்தியிருந்தார். அன்று பின்னேரம் மோட்டர் ஓடவில்லை.

அடுத்த போகத்திலிருந்து பயறு காய்த்தது. கௌபியும் உளுந்தும் சேர்ந்துகொண்டன. இதற்காக அவரைப் பெரிய விவசாயி என்று சொல்லிவிட முடியாது. வரிசைகள் கோணல். புல் பிடுங்குவதில் அசட்டை. காணியில் நிற்கும்போதும் பாதி மனம் அங்கே இல்லை என்பது பார்க்கிற எவருக்கும் விளங்கும். விளைச்சலை அவர் விளைச்சல் என்று சொல்வதில்லை. "இந்தமுறை நல்ல பாடு" என்பார், மீன்பாட்டைச் சொல்வதுபோல. நெற்றுகளைக் காயவைக்கும் பாயைக் காற்றுப் பார்த்து விரிப்பார். விதைப் பயற்றை வேப்பிலை போட்டு, மீனுக்கு ஐஸ் போட்ட பழைய றெஜிபோம் பெட்டியில் மூடிவைத்திருக்கிறார். முகர்ந்து பார்த்தால் இரண்டு வாசமும் வரும்.

ஒரு வேலையில் மட்டும் அவரை மிஞ்ச அங்கே ஆளில்லை. பயறு எல்லாம் ஒரே நாளில் முற்றாது. கீழ்க் காய் கறுத்திருக்கும், மேலே பூ இருக்கும். முற்றியதைத் தேடி ஆய்ந்து, மற்றதை விட்டு, சில நாள் கழித்துத் திரும்பவும் வந்து ஆயவேண்டும். அதையும் பனி ஈரம் இருக்கும்போதே ஆய்ந்துவிட வேண்டும். வெயில் ஏறினால் தொட்டவுடன் நெற்று வெடித்து மணி சிதறிப்போகும். வலைக் கண்ணில் மாட்டிய மீனைச் செதில் போகாமல் எடுத்துப் பழகிய விரல்கள் இதற்கென்றே இருந்தவைபோல வேலை செய்கின்றன. அந்த நேரத்தில்தான் கடலில் படகுகள் திரும்புகிற சத்தமும் கேட்கும். குனிந்தபடியே, "அது அப்ராஸ்ட இஞ்சின். எண்ணெய் கூடக் குடிக்குது" என்பார். பக்கத்தில் யாரும் இல்லாவிட்டாலும் சொல்வார்.

உடம்பு தேறியது என்பதை அவரே மறுக்கமாட்டார். பஸ்மியா சமையலை மாற்றிவிட்டார். காலையில் அவித்த பயறோ கௌபியோ. சில நாள் முளைகட்டியது. மத்தியானம் சோறு ஒரு அகப்பைதான், மிச்சம் பருப்பும் கீரையும் மீனும். கர்ப்பமாயிருக்கும் மகளுக்கு இரத்தக் குறைவு என்று கிளினிக்கில் சொன்னபோது அந்தப் பிள்ளையின் தட்டுக்கும் பயறு வந்தது. சித்திரை வருடப்பிறப்புக்குச் சின்னராசாவின் மனைவி றஊப்பின் பயற்றில்தான் உருண்டை பிடிப்பார். அந்த இனிப்புப் பெட்டி வீட்டுக்கு வரும்போது றஊப் மூடியைத் திறந்து ஒருமுறை பார்த்துவிட்டு மகளிடம் கொடுத்துவிடுவார். முன்போல மத்தியானத்தில் கண் இருண்டுகொண்டு வருவதில்லை. இரவில் நாலு தடவை எழும்புவதில்லை. மெலிந்து, முகம் தெளிந்து, கண்ணாடியில் பார்த்தால் தன் தம்பிபோல இருக்கிறது என்று அவரே சொன்னார். பிறகு, "உடம்பு நல்லம். ஆளைத்தான் காணல்ல" என்றார்.

கிளினிக் நாளில் அவர் திருகோணமலைக்குப் போவார். இரத்தம் எடுத்து, வரிசையில் இருந்து, டொக்டர் அம்மாவைப் பார்த்து எழும்பும்போது ஒவ்வொரு தடவையும் ஒரே கேள்வி: "மெடம், கடலுக்கு?" டொக்டர் அம்மாவும் ஒவ்வொரு தடவையும் ஒரே பதில் சொல்வார்: "இன்னும் கொஞ்சம் பார்ப்பம்." அதன்பின் றஊப் நேரே பஸ்ஸுக்குப் போவதில்லை. உட்துறைமுக வீதியில் ஓர் இடம் வைத்திருக்கிறார். அங்கே நின்று, அசையாத தண்ணீரில் அசையாமல் நிற்கும் கப்பல்களைப் பார்ப்பார். அவருக்குக் கப்பலில் ஈடுபாடு கிடையாது. கப்பலைக் கட்டி வைத்திருக்கிற கயிற்றைத்தான் பார்ப்பார். புல்மோட்டை பஸ் ஒன்றை விட்டுவிட்டு அடுத்ததில் ஏறுவார்.

இந்த வருடம் சித்திரை கழிந்த பிறகு ஒரு கிளினிக் நாளில் பதில் மாறியது. மாதக்கணக்காகச் சீனி ஒழுங்காக நிற்கிறது, குளிசையையும் குறைத்தாயிற்று. தனியாகப் போகக்கூடாது, தூரம் போகக்கூடாது, சாப்பிட்டுவிட்டுப் போகவேண்டும், கையிலும் சாப்பாடு இருக்கவேண்டும், இதற்கெல்லாம் சம்மதமென்றால் போய் வரலாம் என்றார் டொக்டர் அம்மா. றஊப் தலையாட்டினார். அன்று அவர் துறைமுகத்தில் நிற்கவில்லை. வந்த முதல் பஸ்ஸில் ஏறி, இடமிருந்தும் உட்காராமல் நின்றுகொண்டே வீடு வந்தார்.

வீட்டில் வாய் திறக்கவில்லை. ஆனால் மறுநாள் காலை கண்ணை மூடாமல் பயறு தின்றார். பஸ்மியா அதைக் கவனித்தார்.

"என்ன செல்லிப் போட்டாங்க கிளினிக்கில?"

றஊப் சொன்னார். பஸ்மியா தட்டை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டார். இரண்டு மூன்று நாள் வீட்டில் தேவைக்கு மேல் கதை இல்லை. பஸ்மியா உளுந்து புடைத்தார், சுளகைத் தட்டுகிற சத்தம் வழமையைவிடக் கூடக் கேட்டது. றஊப் கெஞ்சவில்லை, சண்டை பிடிக்கவில்லை. காணிக்குப் போனார், வந்தார். முதல் ஆய்ச்சலுக்கு நெற்றுகள் கறுத்துக்கொண்டிருந்தன. கடல் தேங்காயெண்ணெய் போல அடங்கிக் கிடந்தது. அவருக்கு வேண்டியது இப்போது ஒரு மனுசியின் ஒரு சொல்லில் தொங்கிக்கொண்டிருந்தது.

வியாழக்கிழமை பின்னேரம் பஸ்மியாவே வந்து நின்றார். அப்ராஸோடு தான் கதைத்துவிட்டதாகச் சொன்னார். சின்னராசாவோடும் கதைத்தாயிற்றாம். பிறகு முகத்தைப் பார்க்காமல், "வெள்ளி கழிச்சுச் சனி விடியப் போங்க. நான் அவிச்சுத் தாறன்" என்றார்.

றஊப் உள்ளே போனார். அலுமாரியைத் திறந்து, கடலுக்கு உடுக்கிற பழைய சாரத்தைத் தேடி எடுத்தார். அது மடித்த மடிப்பில் இற்றுப்போயிருந்தது. கையால் நீவி நீவி விரித்து, கொடியில் காயப்போட்டார். ஈரமே இல்லாத சாரத்தை.

சனிக்கிழமை கிழக்கு வெளுக்கும்போது பஸ்மியாவும் அவரோடு கரைக்கு வந்தார். இத்தனை வருடத்தில் அது முதல் தடவை. முக்காட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு, தாழை மறைவில் தள்ளி நின்றார். அவித்த பயறு இருந்த பெட்டி துணி சுற்றி றஊப்பின் கையில் சூடாக இருந்தது. அப்ராஸும் சின்னராசாவும் படகைத் தண்ணீரில் இறக்கி வைத்திருந்தார்கள்.

முன்பெல்லாம் றஊப்பின் இடம் அணியம், படகின் மூக்கு. அலையை முதலில் பார்க்கிறவர் அங்கேதான் நிற்பார். இன்றைக்கு அவருக்கென்று நடுப்பலகையில் ஒரு சாக்கை நாலாக மடித்துப் போட்டிருந்தார்கள். பக்கத்தில் தண்ணீர்ப் போத்தல், ஒரு பொட்டலம் குளுக்கோஸ், புத்தம் புதிய மிதவை அங்கி.

"மாமா, நீங்க இதில இரிங்க" என்றார் அப்ராஸ். மரியாதையான பிள்ளை, குரலில் பயமும் பிரியமும் சரிபாதி இருந்தன. "ஒண்டும் செய்யத் தேவையில்ல. நாங்க பார்த்துக்கொள்றம்."

"ஓம் காக்கா, சும்மா இரிங்கோ. இண்டைக்கு நீங்கள்தான் முதலாளி" என்றார் சின்னராசா.

றஊப் ஏறினார். நடுப்பலகையில், மடித்த சாக்கின்மேல் உட்கார்ந்தார். பெட்டியை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். மிதவை அங்கியை அப்ராஸ் எடுத்துக் கொடுத்தபோது மறுக்காமல் போட்டுக்கொண்டார். படகு ஒரு சிறு அலையில் எழும்பி இறங்கியது. அந்த அசைவு அவருடைய முதுகு வழியாக ஏறி முகத்துக்கு வந்ததைக் கரையில் நின்றவர்கள் பார்த்தார்கள். பஸ்மியாவும் பார்த்தார். பல வருடம் காணாத முகம் அது.

அணியத்தில் யாரும் நிற்கவில்லை. சின்னராசா பின்னால் இஞ்சினுக்குப் பக்கத்தில் இருந்தார். அப்ராஸ் நடுவில், மாமனாருக்குக் கை எட்டுகிற தூரத்தில் இருந்தார். இரண்டு பேரும் கடலைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

றஊப் ஆளில்லாத அணியத்தை ஒருமுறை பார்த்துவிட்டு மிதவை அங்கியைக் கழற்றினார். பிறகு, கதிரையிலிருந்து எழும்புகிறவர்போல அவசரமில்லாமல் எழும்பி, விளிம்பில் கை ஊன்றி, தண்ணீருக்குள் இறங்கிவிட்டார். இடுப்பளவு தண்ணீர். அப்ராஸ் பாய்ந்து பிடிக்கப் போனார். சின்னராசா, "என்ன காக்கா, என்ன செய்யுது?" என்று பதறினார்.

"ஒண்டும் செய்யல்ல." றஊப் பலகையில் விட்டிருந்த பெட்டியைத் தூக்கி அப்ராஸின் கையில் கொடுத்தார். "சூட்டோட இரிக்கி. ஆறிப்போக முதல் தின்னுங்க ரெண்டு பேரும்."

அவர் முன்னால் போய்ப் படகின் மூக்கைப் பிடித்து அலைக்கு நேராகத் திருப்பினார். ஓர் அலையை விட்டார். அடுத்ததையும் விட்டார். மூன்றாவது வந்து எழும்பியபோது பின்னால் வந்து தோளைக் கொடுத்துத் தள்ளினார். இஞ்சின் பிடித்தது.

இதற்கு ஊரில் பல விளக்கங்கள் உண்டு. பயந்துவிட்டார் என்கிறார்கள் தேத்தண்ணிக் கடையில். பஸ்மியா தாழை மறைவில் நின்ற நிலையைப் பார்த்து மனம் இளகியிருக்கும் என்று மகள் நினைக்கிறார். முதல் ஆய்ச்சல் வெயிலுக்கு வெடித்துப்போகும் என்ற கவலை என்று நிவேதிகாவிடம் யாரோ சொன்னார்களாம். அவர் அதை நம்பவில்லை. சின்னராசா மட்டும் விளக்கம் சொல்வதில்லை, கேட்டால் வேறு பக்கம் பார்க்கிறார். அதன்பிறகு அப்ராஸ் இரண்டொரு தடவை கூப்பிட்டுப் பார்த்தார். றஊப் கதையை மாற்றினார். டொக்டர் அம்மாவிடம் அவர் அந்தக் கேள்வியை இப்போது கேட்பதில்லை.

அன்று படகு போன பிறகும் அவர் கரையேறவில்லை. இடுப்பளவு தண்ணீரில், கைகளைத் தண்ணீரின் மேல் விரித்து வைத்தபடி நின்றார். வெளிச்சம் வந்தது. பஸ்மியா தாழை மறைவிலிருந்து வெளியே வந்து, ஈர மணல் வரை நடந்து, முதல் அலை காலை நனைக்கிற இடத்தில் நின்று, "இஞ்ச வாங்க, போதும்" என்று கூப்பிட்டார்.

றஊப் திரும்பிப் பார்க்காமல் ஒரு கையை மட்டும் உயர்த்தி, கொஞ்சம் பொறு என்று காட்டினார்.